துறைமுகத்துக்கு வந்த பூனை: தட்டப்பாறை முகாமிலிருந்து சென்னை கண்டெய்னர் வரை



இந்த மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். ஒருவர் துறைமுகப் பக்கம் குடோனில் வேலை பார்க்கிறார். இன்னொருவர் மீன்பிடித் துறைமுகம் அருகே குடியிருக்கும் நம் வீட்டு மருமகள். மூன்றாமவர் கொழும்பில் கடை வைத்திருக்கும் பழைய மாணவர். "சார், ஒரு பூனை வந்து சேர்ந்திருக்கு, என்ன செய்யணும்?" என்பதுதான் கேள்வி. வரலாறு சொல்லிக்கொடுத்தவனிடம் கேட்டால் வரலாற்றிலிருந்துதான் பதில் வரும். செய்ய வேண்டியவற்றைக் கடைசியில் வரிசையாக எழுதியிருக்கிறேன். அவசரக்காரர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு மேலே வரலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூனைக்கும் கடலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கல்லறையில் மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருந்ததை பிரெஞ்சு அகழாய்வாளர்கள் கண்டார்கள். அந்தத் தீவில் பூனை இயற்கையாக வாழ்ந்ததில்லை. ஆகவே யாரோ அதைப் படகில் ஏற்றித்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். தானியம் இருந்த இடத்துக்கு எலி வந்தது, எலி இருந்த இடத்துக்குப் பூனை வந்தது. தானியம் கப்பலேறியபோது மற்ற இரண்டும் கூடவே ஏறிக்கொண்டன.

நம் மொழியிலும் அதற்குப் பழைய இடம் உண்டு. சங்கப் பாடல்களில் வெருகு வருகிறது. பாற்கடலைக் கண்ட பூனை அதை முழுவதும் நக்கிக் குடிக்க ஆசைப்பட்டதுபோலத் தான் இராமாயணம் பாட வந்ததாகக் கம்பர் தம் அவையடக்கத்தில் சொல்கிறார். மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள் நம்பி நிற்கின்றன. நம் பக்கத்தில் ஆண் பூனையைக் 'கடுவன்' என்று இன்றும் சொல்கிறோம். இத்தனை இருந்தும், குறுக்கே போனால் சகுனம் பார்ப்பதும் குட்டி போட்டால் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ச் சந்தையில் விடுவதும் நம்மிடம்தான் இருக்கின்றன.

இனி நம் ஊருக்கு வருவோம்.

1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இன்றைய வ.உ.சி. துறைமுகத்தைத்தான் உங்களில் பலருக்குத் தெரியும். அதற்கு முன் இருந்தது பழைய துறைமுகம். கரையோரம் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையும் ஆட்களையும் தோணிகள் ஏற்றி இறக்கும். 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. அதன் பிறகு, 1914-ல் பாம்பன் பாலம் திறக்கும் வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களுக்கு நம் ஊர்தான் வாசல். ரயிலில் இங்கே வந்து இறங்கி, இங்கிருந்து கப்பலேற வேண்டும். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இந்தத் தடத்தில்தான் என்பதை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

அந்த வாசலில் ஒரு பயம் வந்து நின்றது. 1894-ல் ஹாங்காங்கில் பிளேக் நோய் பரவியபோது அலெக்சாண்டர் யெர்சின் அதன் கிருமியைக் கண்டறிந்தார். 1896-ல் பிளேக் பம்பாய்க்கு வந்தது. அடுத்த ஆண்டே, 1897-ல், வெள்ளை அரசு தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கப்பலையும் பயணிகளையும் நிறுத்திச் சோதிக்க அதில் அதிகாரம் இருந்தது. 1898-ல் கால்நடை இறக்குமதிச் சட்டம் வந்தது. வெளியிலிருந்து வரும் விலங்குகளைக் கட்டுப்படுத்த அது வழி செய்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 120 ஆண்டுகள் கழித்து இரண்டும் திரும்பி வரும்.

தூத்துக்குடியிலிருந்து மணியாச்சி போகும் ரயில் பாதையில் தட்டப்பாறை என்று ஒரு நிலையம் இருக்கிறது. இன்று பல வண்டிகள் அதைக் கண்டுகொள்ளாமலே கடந்துவிடுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இலங்கை அரசின் முகாம் ஒன்று இருந்தது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை அங்கே இறக்கினார்கள். உடைகளைக் கிருமி நீக்கம் செய்து, உடம்பைச் சோதித்து, நோய் தெரிகிறதா என்று சில நாட்கள் அடைத்து வைத்துப் பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். பாம்பன் பாலம் வந்து தடம் தனுஷ்கோடிக்கு மாறியதும் அந்த வேலை மண்டபம் முகாமுக்குப் போனது.

சோதித்தது தவறு என்று நான் சொல்லவில்லை. பிளேக் விளையாட்டு நோய் அல்ல. முத்துக்குளிப்பு நடக்கும் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே மணல்வெளியில் கூடி, காலரா புகுந்து, சலாபமே கலைந்துபோன கதைகளும் இந்தக் கரைக்கு உண்டு. கூட்டம் கூடும் இடத்தில் நோயைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாரையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. மேல்வகுப்புச் சீட்டோடு வந்த துரைக்கும் வியாபாரிக்கும் ஒரு நடைமுறை. தலையில் மூட்டையோடு வந்த குடும்பத்துக்கு வேறு நடைமுறை, வேறு வேலி. நம் உறவுகளில் மலையகத்துக்குப் போனவர்களின் வழிவந்தோர் இருக்கிறீர்கள். உங்கள் பூட்டனும் பூட்டியும் அந்த வேலிக்குள் உட்கார்ந்திருந்தவர்களாக இருக்கலாம்.

இதில் இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். 1898-ல் கராச்சியில் பால் லூயி சிமோன்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியிலிருந்து பிளேக்கைக் கடத்துவது தெள்ளுப்பூச்சி என்று சோதனையில் காட்டினார். பல ஆண்டுகள் அவரை யாரும் நம்பவில்லை. அதாவது, காவல்காரர் கூலியின் மூட்டையை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், உண்மையான பயணி அரிசி மூட்டைக்குள் இருந்தது. அது எந்த முகாமிலும் இறங்கவில்லை. 1914-ல் கொழும்பிலும் பிளேக் வந்துவிட்டது.

எலிதான் காரணம் என்று தெரிந்ததும் சிலருக்குப் பூனையின் ஞாபகம் வந்தது. அமராவதியில் மருத்துவ அதிகாரியாக இருந்த ஆண்ட்ரூ புக்கானன் அவர்களில் ஒருவர். பூனைகள் அதிகமுள்ள ஊர்களில் பிளேக் குறைவாக இருப்பதாக அவர் கவனித்தார். வீட்டுக்கு வீடு பூனை வளர்க்கச் சொல்லி 1908-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அரசு மருத்துவர் ஒருவரே பூனைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார் என்றால் பாருங்கள்! ஆனால் இதை முழுதாகச் சொல்ல வேண்டும். பூனைக்கும் பிளேக் வரும், அதனிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் என்பது இன்று தெரியும். ஆகவே பூனை மருந்தல்ல. எலி பெருகாமல் பார்த்துக்கொள்ள உதவிய துணை, அவ்வளவுதான்.

இன்று கப்பலைக் கட்டும் கயிறுகளில் வட்டமாகத் தகடு மாட்டியிருப்பதைத் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். கயிறு வழியாக எலி ஏறி இறங்காமல் தடுக்கும் தகடு அது. சர்வதேசப் பயணம் போகும் கப்பலுக்குச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். பூனை பார்த்த வேலையைத் தகடும் தாளும் எடுத்துக்கொண்டன.

அதற்கு முன் பூனைகள் கப்பலில் சம்பளமில்லாத சிப்பந்திகளாக இருந்தன. அவற்றில் ஒன்றின் கதை, தெருப்பூனையைக் கண்டெடுப்பது பற்றியது என்பதால் சொல்கிறேன். 1948-ல் ஹாங்காங் அருகே ஸ்டோன்கட்டர்ஸ் தீவில், இளம் மாலுமி ஜார்ஜ் ஹிக்கின்பாட்டம் மெலிந்த ஒரு பூனையைக் கண்டார். அதை ஒளித்துவைத்து, அமெதிஸ்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்குக் கொண்டுபோனார். அதற்கு சைமன் என்று பெயர் வைத்தார்கள். 1949 ஏப்ரலில் சீனாவின் யாங்சி நதியில் அந்தக் கப்பல் பீரங்கித் தாக்குதலுக்கு ஆளானது. பல மாலுமிகள் இறந்தார்கள். சைமனுக்கும் குண்டுச் சிதறல்பட்டது. கப்பல் நகர முடியாமல் மாதக்கணக்கில் ஆற்றில் சிக்கியது. இருந்த கொஞ்ச உணவையும் எலிகள் தின்றன. காயம் ஆறியும் ஆறாமலும் சைமன் எழுந்து எலி பிடித்தது, அடிபட்டுக் கிடந்தவர்களின் படுக்கையில் போய்ப் படுத்துக்கொண்டது. ஜூலை இறுதியில் கப்பல் இரவோடிரவாகத் தப்பியது.

போரில் சேவை செய்த விலங்குகளுக்கான டிக்கின் பதக்கத்தைப் பெற்ற ஒரே பூனை சைமன்தான். ஆனால் நவம்பரில் இங்கிலாந்தில் கரையிறங்கியதும் அதைத் தனிமைக் காப்பகத்தில் வைத்தார்கள். அந்த நாட்டு விதி அப்படி. வெளியிலிருந்து வரும் பூனையும் நாயும், வெறிநோய் இல்லை என்று உறுதியாகும் வரை ஆறு மாதம் அடைபட்டிருக்க வேண்டும். பதக்கம் வாங்கும் நாள் வருவதற்கு முன்பே, 1949 நவம்பர் 28 அன்று, சைமன் அந்தக் காப்பகத்திலேயே இறந்தது. விதியில் தவறில்லை, அந்த விதிதான் அந்தத் தீவை வெறிநோயிலிருந்து காத்தது. ஆனாலும் அந்தக் கப்பலின் மாலுமிகளுக்கு அந்த மரணம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

'குவாரண்டைன்' என்ற சொல்லுக்கு நாற்பது நாள் என்று பொருள். வெனிஸ் நகரத்தார் கப்பல்களை அத்தனை நாள் கரைக்கு வெளியே நிறுத்திவைத்ததால் வந்த பெயர். 2020-ல் உலகம் முழுவதும் அந்தச் சொல்லைப் படித்தது. அதற்குச் சற்று முன், பிப்ரவரியில், சென்னைத் துறைமுகத்தில் ஒரு சம்பவம் நடந்தது. சீனாவிலிருந்து பொம்மைகள் ஏற்றி வந்த கண்டெய்னருக்குள் ஒரு பூனை உயிரோடு இருந்தது. கொரோனாவின் பெயரே அப்போதுதான் நம் காதில் விழத் தொடங்கியிருந்தது. பூனையைத் தனியே அடைத்தார்கள். அதற்குத் தாள் இல்லை, சான்றிதழ் இல்லை, சொந்தக்காரர் இல்லை. ஆகவே வந்த இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்கள் அதிகாரிகள்.

பீட்டா இந்தியா அமைப்பு எதிர்த்து எழுதியது. அவர்கள் வைத்த வாதத்தை ஒரு வரலாற்று ஆசிரியனாக நான் ரசித்தேன். சீனாவிலிருந்து கப்பல் வந்து சேர ஏறத்தாழ 10 முதல் 20 நாள் ஆகும், அத்தனை நாள் சோறு தண்ணீர் இல்லாமல் பூனை எப்படிப் பிழைத்தது? வழியில் வேறு துறைமுகத்தில் ஏறியிருக்கலாம், ஏன், சென்னையிலேயேகூட உள்ளே புகுந்திருக்கலாம் அல்லவா? அதாவது, அது சீனப் பூனை என்பதற்கே சான்று இல்லை. கண்டெய்னரின் முகவரியைப் பூனையின் நெற்றியில் ஒட்டிவிட்டார்கள். தட்டப்பாறையில் மூட்டையைப் பார்த்து ஆளை எடைபோட்ட அதே பழக்கம்தான் இது. கடைசியில் அந்தப் பூனை திருப்பி அனுப்பப்படவில்லை. ஏப்ரலில், பொதுமுடக்கத்தின் நடுவே, அதைப் பீட்டாவிடம் ஒப்படைத்தார்கள். பூனைக்குக் கொரோனா தொற்றினால் அது பெரும்பாலும் மனிதரிடமிருந்து தொற்றியதுதான் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

அந்த மார்ச்சில் அரசுகள் நோய்த்தடுப்புக்குக் கையிலெடுத்தது 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தையே. விலங்கு இறக்குமதிக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது 1898-ஆம் ஆண்டுச் சட்டம், திருத்தங்களோடு. நான் நினைவில் வைக்கச் சொன்ன இரண்டு ஆண்டுகளும் இவைதான்.

அதே 2020 ஜூன் தொடக்கத்தில் ஐ.என்.எஸ். ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பல் கொழும்பில் தவித்த நம்மவர்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தது. சில நாட்களில் மாலத்தீவிலிருந்து மறுபடி வந்தது. ஜூலை முதல் நாளில் ஈரானிலிருந்து வந்தது. மூன்று பயணங்களில் ஏறத்தாழ 2,000 பேர். கடலோடிகள், மீனவர்கள், கூலி வேலைக்குப் போனவர்கள் எனப் பலர் அதில் இருந்தார்கள். துறைமுகத்தில் பரிசோதித்து, பேருந்தில் ஏற்றி, அவரவர் மாவட்டத்துக்கு அனுப்பி வைத்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊர் வழியாக வெளியே போனவர்களுக்கு வேலி போட்ட அதே துறைமுகம், இந்த முறை உள்ளே வந்தவர்களுக்குப் பரிசோதனையும் செய்தது, வீட்டுக்குப் போக வழியும் செய்தது. பயமும் இருந்தது, பொறுப்பும் இருந்தது. இரண்டும் சேர்ந்திருக்க முடியும் என்று அன்று பார்த்தோம்.

வாசலில் வந்து நிற்கும் உயிரைப் பற்றி நான் வரலாற்றில் படித்துக்கொண்டதும் இதுதான். எச்சரிக்கையாக இருக்க வேண்டும், ஆனால் எச்சரிக்கை என்ற பெயரில் கைகழுவிவிடக் கூடாது. தெருப்பூனை விஷயத்தில் இது எப்படி என்று இனி சொல்கிறேன்.

ஒன்று. கண்டதும் தூக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் கேளுங்கள், தெரு வாட்ஸ்அப் குழுவில் படம் போடுங்கள். சொந்தக்காரர் இருக்கலாம். கண் திறக்காத குட்டிகள் என்றால், தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் இரை தேடப் போயிருக்கும், அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கும். நாய், வெயில், வண்டி போன்ற ஆபத்து இருந்தால் மட்டும் உடனே எடுங்கள்.

இரண்டு. எடுக்க வேண்டி வந்தால் தடிமனான துண்டைப் போர்த்தி எடுத்து, காற்றோட்டத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வையுங்கள். மிரண்ட பூனை கடிக்கும். அதைக் குற்றம் சொல்ல முடியாது.

மூன்று. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள் என்று சொன்னால் ஒன்றையும் தவறவிடாதீர்கள். "பூனைதானே" என்று அலட்சியம் வேண்டாம். வெறிநோய் பூனையிடமிருந்தும் வரும், வந்த பின் பிழைப்பது அரிதிலும் அரிது.

நான்கு. பசும்பால் கொடுக்காதீர்கள். கம்பர் என்ன சொன்னாலும், பல பூனைகளுக்குப் பால் வயிற்றுப்போக்கைத்தான் கொடுக்கும். வளர்ந்த பூனைக்கு முள் நீக்கி வேகவைத்த மீனும் தண்ணீரும் போதும். உப்பேறிய கருவாடு வேண்டாம். குட்டி குளிர்ந்து கிடந்தால் முதலில் துணியில் சுற்றிச் சூடேற்றுங்கள், பிறகுதான் உணவு. கால்நடை மருத்துவர் அல்லது செல்லப்பிராணிக் கடையில் கேட்டு, குட்டிக்கான பால் மாவு வாங்குங்கள். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

ஐந்து. வீட்டில் வேறு பூனை இருந்தால், புதிதாக வந்ததை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். நம் வீட்டுக் குவாரண்டைன்! அதற்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பூச்சி மருந்தும் தடுப்பூசியும் போடுங்கள். வெறிநோய் ஊசி மூன்று மாத வயதிலிருந்து போடலாம்.

ஆறு. வளர்க்க முடியாவிட்டாலும் கருத்தடை செய்துவிடுங்கள். பெண் பூனை ஆறு மாதத்துக்குள்ளேயே கருத்தரிக்கக்கூடும், சுமார் ஒன்பது வாரத்தில் குட்டி போடும். தெருவே சேர்ந்து பணம் போட்டு இரண்டு மூன்று பூனைகளுக்குக் கருத்தடை செய்தால், வருடந்தோறும் சாக்கில் கட்டும் பாவம் மிச்சம்.

ஏழு. கொண்டுபோய் விட்டுவிட்டு வராதீர்கள். விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். படகு வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: மன்னார் வளைகுடாத் தீவுகளில் ஒருபோதும் விடாதீர்கள். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில், 1890-களில் கலங்கரை விளக்கம் கட்டியபோது வந்த பூனைகளால், பறக்கத் தெரியாத ஒரு சிறு பறவை இனமே இல்லாமல் போனது. பூனையின் தவறல்ல, கொண்டுபோய் விட்ட மனிதரின் தவறு.

எட்டு. குடோன், கண்டெய்னர் வேலையில் இருப்பவர்களுக்கு: வெளிநாட்டுச் சரக்குக்குள் விலங்கைக் கண்டால் துரத்தி வெளியே விடவும் வேண்டாம், இரக்கப்பட்டு வீட்டுக்கு எடுத்துப்போகவும் வேண்டாம். வெளியேறாதபடி அடைத்து, தண்ணீர் வைத்து, சுங்கத்துக்கும் துறைமுகச் சுகாதார அதிகாரிகளுக்கும் உடனே தெரிவியுங்கள். தாளில்லாத உயிருக்கு முதல் சாட்சி நீங்கள்தான். எந்தக் கப்பல், எந்தக் கதவு, எந்த நேரம் என்று எழுதி வையுங்கள், படம் எடுங்கள். சென்னைப் பூனை எங்கே ஏறியது என்று சொல்ல ஒரு சாட்சி இருந்திருந்தால் அது அத்தனை வாரம் கூண்டில் கிடந்திருக்காது.

மலையக உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். தட்டப்பாறை வழியாகவோ மண்டபம் வழியாகவோ போன பெரியவர்கள் சொன்ன கதை உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு வரியானாலும் கீழே எழுதுங்கள். போனவர்களின் பேரப்பிள்ளைகள் 1964 ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்தபோதும் மண்டபம் முகாமில்தான் இறங்கினார்கள். 1983-க்குப் பின் வந்த அகதிகளும் அங்கேயே இறங்கினார்கள். அவர்களைப் பற்றி அரசு எழுதிய பதிவேடுகள் இருக்கின்றன. அவர்கள் சொன்னதை நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

பூனையைப் பற்றிய சந்தேகங்களையும் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், மற்றதற்கு நம் மாணவர்களிலேயே கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வார்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்